முழங்கால் வலி உள்ள அம்மாவோடு ஜப்பானின் குமனோ மலைப்பக்கம் போகலாமா?

தாம்வே தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை ஒசாக்காவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நவம்பரில் என்னையும் மனைவியையும் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறாள். விசா வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றிக் கேள்வி இல்லை.

டோக்கியோ வேண்டாம் என்கிறாள் மனைவி. ஒரு சிவப்புக் கோபுரமும் அதற்குப் பின்னால் மலையிலிருந்து கொட்டும் அருவியும் உள்ள படத்தைக் காட்டி, போனால் இங்கேதான் போகணும் என்றாள். தேடிப் பார்த்தால் அது ஒசாக்காவுக்குத் தெற்கே, கீ தீபகற்பத்தின் குமனோ மலைப்பக்கத்தில் இருக்கும் நாச்சி. மலையும் கடலும் ஒட்டிக் கிடக்கிற சீமை, பழைய பாதயாத்திரை வழி என்றெல்லாம் போட்டிருக்கிறது.

அம்மாவுக்கு 67 வயது. சமதரையில் நடப்பார். படி என்றால் நின்று நின்றுதான் ஏறுவார். செவ்வாய், வெள்ளி சைவம். "அம்மாவை என் ரூமில் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள், அது மலைக்காடு" என்கிறாள் தங்கை. அவள் சொல்வதும் சரிதான். ஆனால் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் நாலு சுவருக்குள் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. பெரியவர்களோடு அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காட்சுவுரா பையன்:

அண்ணே, எனக்கு ஊர் பெகு. இப்போது காட்சுவுரா துறைமுகத்தில் ஒரு விடுதியின் சமையல்கட்டில் வேலை. நாச்சிக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷனே எங்கள் ஊர்தான், அதனால் வழியை மட்டும் சொல்கிறேன்.

ஒசாக்கா தென்னோஜியிலிருந்து குரோஷியோ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கீ-தனாபே வரை இரண்டு மணி நேரம், காட்சுவுராவுக்கு நாலு மணி நேரம் கிட்ட ஆகும். வரும்போது வலது பக்கத்து ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள். கடல் அந்தப் பக்கம்தான். குஷிமோட்டோ தாண்டியதும் ஹஷிகுயி பாறைகள் தெரியும், கடலுக்குள் தூண் நட்டுப் பாலம் கட்டப்போய்ப் பாதியில் விட்டது மாதிரி வரிசையாக நிற்கும். நேரம் இருந்தால் குஷிமோட்டோவில் இறங்குங்கள். எதிரே இருக்கிற ஓஷிமா தீவுக்குப் பக்கத்தில்தான் 1890இல் எர்துருல் என்ற துருக்கிக் கப்பல் புயலில் பாறையில் மோதி உடைந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். 69 பேரைத் தீவு ஜனங்கள் காப்பாற்றி, தங்களுக்கு வைத்திருந்த சாப்பாட்டைக் கொடுத்தார்கள். நினைவுத்தூண் இருக்கிறது.

பஸ்ஸில் பின் கதவில் ஏறணும். ஏறியதும் ஒரு மெஷின் எண் போட்ட சின்னச் சீட்டு நீட்டும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். ஆயிரம் யென் நோட்டை அங்கேயே மாற்றலாம், பெரிய நோட்டு செல்லாது. மலைப்பக்கம் பஸ் குறைவு. ஒன்றை விட்டால் காத்துக் கிடக்கணும்.

நவம்பர் நல்ல மாதம். செப்டம்பரில் வராமல் இருப்பதே நல்லது, அது புயல் காலம். 2011 செப்டம்பரில் வந்த புயலில் நாச்சி ஆறு ஊரையே அடித்துக்கொண்டு போனது, இங்கே இன்னும் பேசுவார்கள்.

மோல்மேன் டீச்சர்:

தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் மகன் அங்கே படித்தபோது நான் என் மாமியாரோடு போனேன். அவருக்கும் முழங்கால்தான். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், குமனோ மலைக்கே அப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது.

நம் சைத்தியோ தங்கப் பாறைக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மோன் மாநிலத்துக்காரி, சின்ன வயதிலிருந்து போய்வருகிறேன். அடிவாரத்துக் கின்புன்னில் லாரி ஏறி, இடித்துப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் பாறைக்குப் பக்கத்தில் போய்த் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். பெண்கள் இந்தப் பக்கமே நின்று கும்பிட வேண்டும். என் மாமியார் காசு சேர்த்து வாங்கிய ரேக்கை என் கொழுந்தன்தான் கொண்டுபோய் ஒட்டினார். ஜப்பானிலும் பெரிய மலைகள் அப்படித்தான் இருந்தன. அதே கீ தீபகற்பத்தில் கோயாசான் இருக்கிறது, 816இல் கூகாய் என்ற துறவி மடம் அமைத்த மலை. 1872இல் அரசாங்கம் தடையை எடுக்கும்வரை பெண்கள் அங்கே ஏறக் கூடாது. கூகாயைப் பெற்றவளுக்கே அந்தச் சட்டம்தான். மகனைப் பார்க்க வந்த அந்த அம்மா அடிவாரத்தில் ஜிசோன்-இன் கோயிலில் தங்கிவிட்டாராம், மகன்தான் மலை இறங்கி வந்து பார்ப்பாராம். ஓமினே மலையின் சாஞ்ஜோ சிகரத்தில் இன்றைக்கும் பெண்களை விடுவதில்லை.

குமனோ மட்டும் யாரையும் தடுக்கவில்லை. அரியணையை விட்டிறங்கிய சக்கரவர்த்திகள் பல்லக்கும் பரிவாரமுமாக வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் குடியானவனும் வந்தான், நோயாளியும் வந்தான், பெண்களும் வந்தார்கள். இஸுமி ஷிகிபு என்று ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண் கவிஞர். மலை மலையாகக் கடந்து ஃபுஷிஓகாமி மேடு வரைக்கும் வந்துவிட்டார். அங்கேதான் ஹோங்கூ பெரிய கோயிலின் இடம் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும், யாத்திரை வந்தவர்கள் அங்கேயே விழுந்து கும்பிடுவார்கள். அந்த இடத்தில் அவருக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. இனிக் கோயிலுக்குள் போக முடியாதே என்று துக்கத்தில் ஒரு பாட்டு எழுதிவிட்டுப் படுத்தார். இரவு கனவில் குமனோ தெய்வம் வந்து, உலகத்தின் புழுதியோடு கலந்தே இருக்கிறவன் நான், இது எனக்கு ஒரு தடையா, வா என்று பதில் பாட்டுச் சொன்னதாம். மறுநாள் அவர் போய்க் கும்பிட்டார். கதைதான். ஆனால் ஒரு கோயில் தன்னைப் பற்றி இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டிருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் நிறைகிறது. மாமியாரிடம் அந்த மேட்டில் வைத்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று கும்பிட்டார்.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். தனாபேயிலிருந்து பஸ்ஸில் தக்கிஜிரி போய் அங்கிருந்து ஹோங்கூ வரை நடக்கும் முழு வழி நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு வரும், ஆரம்பமே செங்குத்து. அது உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். ஹோங்கூவிலிருந்து பஸ்ஸில் ஹொஷின்மோன்-ஓஜி போய், அங்கிருந்து ஹோங்கூவுக்குத் திரும்பி நடக்கிற கடைசித் துண்டு ஏழு கிலோமீட்டர்தான். பெரும்பாலும் சரிவு. முதல் பாதி தேயிலைச் செடியும் வீடுகளுமாகக் கிராமத்துப் பாதை. ஃபுஷிஓகாமி அந்த வழியில்தான் இருக்கிறது. அம்மாவால் முடியாது என்று தோன்றினால் நீங்களும் மனைவியும் மாற்றி மாற்றி, ஒருவர் நடக்கட்டும், ஒருவர் அம்மாவோடு ஹோங்கூவில் இருக்கட்டும்.

ஹோங்கூ கோயிலுக்கு 158 படி. நின்று நின்று ஏறலாம், நடுவில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனால் அம்மா கட்டாயம் பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. ஓயுனோஹாரா என்று ஆற்றோரத் திடல். கோயில் முதலில் அங்கேதான் இருந்தது. 1889 வெள்ளத்தில் பெரும்பகுதி போய்விட, மிஞ்சிய சன்னிதிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். இப்போது வயலுக்கு நடுவே 33.9 மீட்டர் உயரத்தில் ஒரு தோரண வாசல் நிற்கிறது, அதைத் தாண்டினால் மரங்களும் புல்தரையும்தான். பாதை முழுக்கச் சமதரை. மாமியார் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார், கூட்டமே இல்லை.

நாச்சிக்கு வாருங்கள். தைமோன்சாகா என்ற பழைய கல்படி வழியை உங்கள் மனைவி ஏறட்டும், இரண்டு பக்கமும் வானம் மறைக்கிற ஊசியிலை மரங்கள். அம்மாவுக்கு பஸ் மேலே வரைக்கும் போகிறது, டாக்சி வைத்தால் கோயிலை ஒட்டியே இறக்கிவிடுவார்கள். அருவி 133 மீட்டர், ஒரே வீழ்ச்சி. அந்த அருவியே தெய்வம். அதனால் அதன் முன்னால் கருவறை கட்டவில்லை, நேராக நீரையே கும்பிடுகிறார்கள். உச்சியில் ஒரு கயிறு குறுக்கே கட்டியிருக்கும், வருஷத்துக்கு இரண்டு முறை ஆட்கள் ஏறிப் புதுக்கயிறு மாற்றுகிறார்கள். நம் ஜனங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பக்கத்தில் செய்கந்தோ-ஜி என்ற பௌத்தக் கோயில். கடலில் அடித்துக்கொண்டு வந்து கரையேறிய ஓர் இந்தியத் துறவி தொடங்கியது என்பது அங்கே சொல்லும் ஐதீகம். மூலவர் கன்னோன், அதாவது கருணை வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். இதோடு விடாமல், திரும்பும்போது நாச்சி ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஃபுதராகுசான்-ஜி கோயிலுக்கும் போங்கள். பெரும்பாலோர் போவதில்லை. அங்கே ஒரு படகு இருக்கிறது, பழைய படகைப் பார்த்துச் செய்தது. நடுவில் ஒரு மரக்கூண்டு, நாலு பக்கமும் நாலு தோரண வாசல். தென்கடலில் அவலோகிதர் வாழும் மலைக்குப் போகிறோம் என்று துறவிகள் அந்தக் கூண்டுக்குள் போய் உட்கார, வெளியே பலகை அடித்து, முப்பது நாள் சாப்பாட்டோடு கடலில் விட்டுவிடுவார்கள். 868இல் தொடங்கி 1722 வரை இது நடந்திருக்கிறது, பிற்காலத்தில் இறந்தவர் உடலை மட்டுமே அனுப்பினார்கள். அந்த மலை எங்கே? சீன யாத்ரீகர் சுவான்சாங் அதைத் தென்னிந்தியாவில், மலய மலைக்குக் கிழக்கே என்று குறிக்கிறார். நம் பொதிகைதான் அது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியர் அவலோகிதரிடம்தான் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு 'அ' எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்தப் படகின் முன்னால் நின்றபோது, எங்கள் தெற்கை நோக்கியா இவர்கள் போனார்கள் என்று உடம்பு சிலிர்த்துவிட்டது.

தாம்வே தம்பி:

டீச்சர், ரொம்ப நன்றி. உங்கள் பதிலை அப்படியே தங்கைக்கு போனில் வாசித்துக் காட்டினேன். "சரி, அம்மாவும் வரட்டும்" என்றுவிட்டாள். தம்பிக்கும் நன்றி.

இன்னும் இரண்டு விஷயம். வெந்நீர் ஊற்றுகளில் எல்லாரும் ஒன்றாக, துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்கிறார்களே, அம்மா செத்தாலும் சம்மதிக்க மாட்டார். அப்புறம் வெள்ளிக்கிழமை சாப்பாடு?

மோல்மேன் டீச்சர்:

யுனோமினே போங்கள் தம்பி. ஹோங்கூவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஓடையின் நடுவில் பலகையால் கட்டிய ஒரு சின்னக் குடில் இருக்கும், அதுதான் ட்சுபோயு. உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊற்று, அதில் குளிக்கவும் விடுகிறார்கள். பொதுக் குளியலறை கவுண்ட்டரில் காசு கொடுத்தால் எண் போட்ட மரத்தகடு தருவார்கள். உங்கள் முறை வந்ததும் அரைமணி நேரம் அது உங்களுடையது மட்டும், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். நானும் மாமியாரும் சேர்ந்து போனோம், இரண்டு பேருக்குத்தான் இடம். உள்ளே கல்படி ஈரமாக இருக்கும், அம்மாவின் கையைப் பிடித்து இறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நல்ல சூடு, பச்சைத்தண்ணீர் கலந்துகொள்ளலாம். முழங்கால் வரை ஊறவிட்டு நீவிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அவர் தைலம் கேட்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு ஊற்று, 90 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. கடையில் வலைப்பையில் முட்டை விற்பார்கள், வாங்கிக் கயிற்றோடு உள்ளே தொங்கவிட்டால் வெந்துவிடும். சைவ நாளாக இருந்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடலாம்.

காட்சுவுரா பையன்:

சாப்பாடு என் வேலை, நான் சொல்கிறேன். இங்கே காய்கறி என்று கொடுப்பதிலும் மீன் இருக்கும். மிசோ சூப், காய் அவியல், டோஃபு மேல் ஊற்றுகிற சாறு எல்லாவற்றுக்கும் கட்சுவோ மீன் சீவலில் எடுத்த தாஷி என்ற சாறுதான் அடிப்படை. மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிடுவார்கள், சாறு அதேதான் வரும். கொம்பு என்ற கடற்பாசி தாஷியில் சமைக்க முடியுமா என்று அறை போடும்போதே கேளுங்கள். வந்து இறங்கிய பிறகு கேட்டால் எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமையை முடிந்தால் கோயாசானில் வைத்துக்கொள்ளுங்கள். மடங்களில் தங்க அறை உண்டு, அவர்கள் சமையலில் மீனும் இல்லை இறைச்சியும் இல்லை, வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். எள்ளில் செய்கிற கோமா டோஃபு அம்மாவுக்குப் பிடிக்கும். அங்கே நவம்பர் கடைசியில் குளிர் கடுமை, ஸ்வெட்டர், காலுறை எல்லாம் எடுத்து வாருங்கள். மற்ற நாளில் வெறும் சோறும் உமேபோஷியும் எங்கேயும் கிடைக்கும். இந்த மாவட்டமே அந்தப் புளிப்புக்காய்க்குப் பேர்போனது. ஆனால் பாக்கெட்டில் வாங்கினால் பின்பக்கம் பாருங்கள், சிலதில் மீன் சீவல் கலந்திருக்கும். நம் ஊர் ஊறுகாய் ஒரு பாட்டில் பெட்டியில் வைத்துவிடுங்கள், அம்மா தைரியமாக இருப்பார்.

தேதி முடிவானதும் இங்கே போடுங்கள் அண்ணே. அந்த வாரத்து பஸ் நேரங்களைப் பார்த்து எழுதுகிறேன். எனக்கு லீவு கிடைத்தால் காட்சுவுரா ஸ்டேஷனுக்கே வந்துவிடுவேன்.