தக்காளி ஆப்: 14 ஃபீச்சர்ல எதை முதல்ல கட்டறது?

பாலக்கோட்டான்:
நானும் மாமா பையனும் தக்காளி விவசாயிங்களுக்கு ஆப் பண்ண இறங்கிட்டோம். அவன் நோட்டுல 14 ஃபீச்சர் எழுதி வச்சிருக்கான், விலை கிராஃப், மழை, மருந்துக்கடை, வாடகை டிராக்டர், சாட்னு போய்ட்டே இருக்கு. கையில இருக்கிற காசு ரெண்டு மாசத்துக்குத்தான் வரும். டிஸ்கவரி (யூஸ் பண்றவங்களுக்கு நெஜமா என்ன தேவைன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது) பண்ணிட்டு கட்டுங்கறாங்க, அதை எங்கருந்து ஆரம்பிக்கிறது? கூகுள் ஃபார்ம் அனுப்பினா போதுமா?

ஓசூர்_டெவ்:
ஃபார்ம் வேணாம் ப்ரோ. பூ விவசாயிங்களுக்கு நான் அனுப்பினேன், 'கண்டிப்பா யூஸ் பண்றோம் தம்பி'ன்னு அத்தனை பேரும் டிக் அடிச்சாங்க, ஆறு மாசம் கட்டினேன், ரெண்டாவது தடவ ஒருத்தரும் திறக்கல. மூஞ்சிக்கு நேரா வேணாம்னு நம்மூர்ல யாரு சொல்றா.

ராயக்கோட்டை_மண்டி:
எங்க சித்தப்பா மண்டி வச்சிருக்கார். 'யூஸ் பண்ணுவீங்களா'ன்னு கேக்காத. 'கடைசி லோடு எப்பண்ணா கொண்டாந்தீங்க, இந்த மண்டிக்குன்னு எப்படி முடிவு பண்ணீங்க, முந்தின ராத்திரி யாருக்கு போன் போட்டீங்க'ன்னு கேளு. நடந்ததச் சொல்றப்போ ஏத்திச் சொல்ல வராது. அப்புறம் விடிகாலைல மண்டிக்கே போய் சும்மா நில்லு. லேப்டாப் மட்டும் எடுத்துட்டுப் போயிடாத, ஆபீசர்னு நெனச்சு வாயே தொறக்க மாட்டாங்க.

பழைய_பிஎம்:
டிஸ்கவரி பத்தி புக் எழுதின தெரசா டோரஸ் சொல்ற மரம் ஒண்ணு இருக்கு, தாள்லயே வரையலாம். உச்சியில நீங்க மாத்த நெனக்கிற ஒரே விஷயம், கீழ அவங்க சொன்ன கஷ்டங்க, அதுக்கும் கீழதான் ஃபீச்சர். எந்தக் கஷ்டத்துலயும் தொங்காதத நோட்டுல அடிச்சிருங்க. அப்பவும் கோட் எழுதாதீங்க. ஜாப்போஸ்ங்கற ஆன்லைன் செருப்புக் கடைய ஆரம்பிச்ச நிக் ஸ்வின்மர்ன் 1999ல செருப்ப வாங்கி அடுக்கல, கடையில போட்டோ எடுத்து சைட்ல போட்டாரு, ஆர்டர் வந்தா அந்தக் கடையிலயே காசு குடுத்து வாங்கி அனுப்பினாரு. போட்டுப் பாக்காம செருப்பு வாங்குவாங்களாங்கறது மட்டும்தான் அவருக்கு அப்ப தெரியணும். உங்களுக்கு வாட்ஸ்அப்பே போதும்.

பாலக்கோட்டான்:
மூணு நாள் போய் நின்னேன், 9 பேர்கிட்ட பேசினேன். விலையை யாரும் பெருசா எடுத்துக்கல, மச்சானுக்கோ டிரைவருக்கோ போன் போட்டா தெரிஞ்சிருது. ஒரு பெரியவர் சட்டைப் பையிலருந்து துண்டுச் சீட்டு ஒரு கத்தை எடுத்தாரு, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தது, வேர்வையில பாதி எழுத்து அழிஞ்சிருச்சு, எத்தன பெட்டி இறக்கினாரு, கமிஷன் போக எவ்ளோ பாக்கி எல்லாம் அதுலதான், அந்த அழிஞ்ச சீட்ட வச்சு அங்கயே மண்டிக்காரரோட சண்டை. 9ல 6 பேரு கணக்கு இந்த லட்சணம்தான். எங்க 14ல இதுக்கு ஒண்ணுகூட இல்ல. சீட்டு வாங்கின உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கேன், ராத்திரி நானே கூட்டி வாய்ஸ் மெசேஜ்ல சொல்றதா பேச்சு. மாமா பையன் மட்டும் கிராஃப விடமாட்டேங்கறான்.

ராயக்கோட்டை_மண்டி:
சண்டை எந்த மண்டியில? எங்க சித்தப்பாவா இருந்தா என் பேர சொல்லிடாத.