பெட்டியில் இறக்கிய தேனீக் கூட்டம் மறுநாளே பறந்துவிட்டது: எங்கே தவறினேன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மார்த்தாண்டம் சந்தைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. கடந்த வாரம் கொல்லையில் நிற்கும் பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் அடுக்குத்தேனீக் கூட்டம் ஒன்று வந்து, உரிக்காத தேங்காய் அளவுக்குத் திரண்டு தொங்கியது. பக்கத்து வீட்டார் தீப்பந்தம் காட்டச் சொன்னார்கள். நான் மனம் ஒப்பாமல், புதிதாக வாங்கிய பெட்டியைக் கீழே பிடித்துக் கிளையை உதறினேன். ஒரு ஈகூடக் கொட்டவில்லை. ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்குள் அனைத்தும் எழும்பிப் போய்விட்டன. பெட்டியில் அடித்திருந்த பெயின்ட் வாசனைதான் காரணமா?

மறுமொழி 1

பழைய கூட்டைவிட்டுப் புது இடம் தேடிக் கூட்டமாகப் பிரியும் ஈக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்புகின்றன, காப்பதற்கு அடையோ புழுவோ அவற்றுக்கு இல்லை, ஆகவேதான் கொட்டவில்லை. கிளையில் தொங்கும் நேரத்தில் சில ஈக்கள் பொந்து தேடி அலைகின்றன என்பதால், நீங்கள் உதறுவதற்கு முன்பே அவை வேறோர் இடத்தை முடிவு செய்திருக்கக்கூடும். பெட்டியின் உட்புறத்தில் பெயின்ட் அடிக்கவே கூடாது என்றாலும், முதற்குறை அதுவன்று. உள்ளே அவற்றைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அடுத்த முறை அந்தி சாயும் நேரத்தில் இறக்குங்கள். நலமான வேறொரு பெட்டியிலிருந்து இளம்புழுக்கள் உள்ள அடை ஒன்றை, ஈக்களை உதறிவிட்டு, நடுவில் வையுங்கள். புழுவை விட்டுவிட்டு ஈக்கள் எளிதில் போவதில்லை. சர்க்கரைப் பாகும் கொடுங்கள். ராணி வெளியேறாதபடி வாசலில் ராணித் தடுப்புத் தகடு (மற்ற ஈக்கள் மட்டும் நுழையும் துளைத் தகடு) வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: வந்திருப்பது கன்னி ராணியாக இருந்தால், அவள் இணை சேர வெளியே பறந்தாக வேண்டும்.

மறுமொழி 2

ஐயா, தீப்பந்தத்தைத் தடுத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. மேலே சொன்னவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். 1991, 92 ஆண்டுகளில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து பைப்புழு நோய் பரவி இந்த மாவட்டத்தின் பெட்டிகளைக் காலியாக்கியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. ஆகவே புழு அடையை இரவல் வாங்கும்போது, புழுக்கள் முத்துப்போல் வெண்மையாக, வளைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். நீர் கோத்த பைபோல நீண்டு செத்துக் கிடந்தால் அந்த அடை வேண்டாம்.

இன்னொன்று. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளந்துளிரின் காம்பில் சுரக்கும் மதுவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நமக்குத் தேனாகிறது. அதற்குச் சற்று முன்பு கூட்டம் பிரிந்து போனால், வளர்ப்பவருக்கு அந்த ஆண்டுத் தேன் பெரும்பாலும் போயிற்று. ஆகையால் நவம்பர் தொடங்கியதும் வாரம் ஒருமுறை பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டத்தைத் தூக்கி, அடையின் கீழ்விளிம்பைப் பாருங்கள். நிலக்கடலைபோல் கீழ்நோக்கித் தொங்குவது ராணி அறை. அதன் நுனியில் மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பு நிறம் தெரிந்தால், புது ராணி வெளிவர அதிக நாள் இல்லை. அந்த நிலை வரும் முன்பே, பழைய ராணியோடு சில சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றி, நீங்களே கூட்டத்தைப் பிரித்துவிடலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பெட்டியின் உட்புறப் பெயின்டைச் சுரண்டி வெயிலில் காய வைத்துவிட்டேன். புழு அடைக்கு, ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.