முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஏற்கும் மனநல மருத்துவமனை சென்னையில் எங்கே இருக்கிறது?

கேள்வி – வியாசர்பாடி வாசகி

வணக்கம். என் தம்பிக்கு வயது 26. காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லித் தவித்தவன், தனியார் மருத்துவர் ஒருவர் தரும் மாத்திரையால் இப்போது தேறி, இரவில் தூங்கவும் செய்கிறான். அப்பாவுக்குச் சென்ற மாதம் வேலை போய்விட்டதால் மாதம் மூவாயிரம் ரூபாய் செலவை எங்களால் தாங்க முடியவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களிடம் இருந்தும், இரண்டு தனியார் மருத்துவமனைகளில் புறநோயாளிக்கு அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை இன்னும் ஒன்பது நாளுக்குத்தான் இருக்கிறது. எங்கே போவது?

பதில் – மனநல சமூகப் பணியாளர்

அவர்கள் சொன்னது சரிதான், அம்மா. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அந்தத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. உங்கள் தம்பிக்கு வேண்டியதோ மாதந்தோறும் தடையில்லாமல் கிடைக்கும் மாத்திரை. அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் அதை அட்டை இல்லாமலேயே இலவசமாகப் பெறலாம். உங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே சென்று சீட்டு போடுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளோடு மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். ஏனென்றால் கடையில் வாங்கிய வணிகப் பெயர் அரசு மருந்தகத்தில் இருக்காது, ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் என்பது போன்ற மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்துத்தான் தருவார்கள். ஒன்பது நாள் முடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும்.

பதில் – அயனாவரம் தாய்

என் மகனை ஏழு ஆண்டுகளாகக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். 1794-இல் தொடங்கிய அந்த இடத்தின் பெயரை ஊரே வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதால் முதல் நாள் வாசலில் கால் கூசியது. உள்ளே போனபின்தான், எங்களைப் போன்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனம் ஆறியது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை இரண்டு உறைகளில் பிரித்துவிடுவேன். என் கணவருக்குப் படிக்கத் தெரியாததால் காலை உறையில் சூரியனையும் இரவு உறையில் பிறையையும் வரைந்து வைத்திருக்கிறேன். நான் வேலைக்குப் போகும் நாளிலும் ஒரு வேளைகூடத் தவறுவதில்லை.

பதில் – அம்பத்தூர் தொழிலாளி

அப்பாவின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தார்களா? அப்படியென்றால் வேலை போன அன்றே உரிமை போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அதில் புறநோயாளி சிகிச்சையும் அடங்கும். மகன் பெரியவராகிவிட்டாலும், மன நலக்குறைவால் பெற்றோர் வருமானத்தையே முழுதும் நம்பியிருப்பவர் என்றால் குடும்பத்தில் சேர்க்க விதியில் இடமிருக்கிறது. அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அப்பாவின் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது. திங்கட்கிழமை ஸ்டான்லிக்குப் போகிறோம். புதிய மருத்துவரிடம் வர மாட்டேன் என்று தம்பி பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது?

பதில் – மனநல சமூகப் பணியாளர்

அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் இன்றே அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முதலில் நீங்கள் பேசிவிட்டு, பிறகு தம்பியிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பாருங்கள். இதே மருந்தைத்தான் கேட்கப் போகிறோம், வாங்கும் இடம்தான் மாறுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அளவைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும்.