கடன் டென்ஷன்ல தூக்கமே வரல, யாராவது வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஒருத்தரோட சம்பளம் திடீர்னு நின்னு போச்சு, இப்போ கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், தெரிஞ்சவங்ககிட்ட வாங்கின கைமாத்துன்னு எல்லாம் ஒரே நேரத்துல கழுத்தை நெரிக்குது. தெரியாத நம்பர்ல போன் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, நடுராத்திரி முழிச்சு உக்காந்து மனசுக்குள்ளயே கூட்டிக் கழிச்சுட்டு இருக்கேன், பகல்ல வேலையே ஓடல.

கார்டுல மினிமம் ட்யூ மட்டும் கட்டுறதால அசல் குறையவே மாட்டேங்குது, மிச்சத்துக்கு வட்டி ஏறிட்டே போகுது. வட்டி அதிகமா இருக்குறதை முதல்ல அடைச்சா மொத்த வட்டி கம்மியாகும்னு புரியுது, ஆனா சின்னக் கடனை முடிச்சா ஒரு தலைவலியாவது தீரும்னு மனசு சொல்லுது. நீங்க எப்படி செஞ்சீங்க?

பேங்க்ல நேரா போய் தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டித் தரச்சொல்லி கேட்டவங்க இருக்கீங்களா, என்னென்ன பேப்பர் கேட்டாங்க? நீட்டினா மொத்தத்துல வட்டி கூடும்னு தெரியும், இப்போதைக்கு மூச்சு விட்டா போதும். ஆப்ல புது லோன் எடுத்து அடைங்கன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

இன்னொண்ணு, அப்பாகிட்ட இதை எப்படிப்பா ஆரம்பிச்சு சொல்றது? அவருக்கு பிரஷர் வேற இருக்கு, அதான் ரொம்ப பயமா இருக்கு.