ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் திருட்டு எச்சரிக்கை: நிறுத்துவதா, ஒழுங்குபடுத்துவதா?

மண்டபம் கரைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. கரையில் ஏற்றி வைத்திருந்த வல்லங்களில் இருந்து அவுட்போர்டு இன்ஜின், பேட்டரி, வலை என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்ததும் ஊர்க்கூட்டத்தில் பேசி ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். முதலில் நல்ல பலன் இருந்தது. நடு ராத்திரியில் லைட் போடாமல் ஒரு லோடு வண்டி கரைக்கு வந்து நிற்கிறது என்று ஒருத்தர் போட்டார், ஐந்து நிமிடத்தில் டார்ச்சோடு ஆட்கள் இறங்கிவிட்டார்கள், வண்டி திரும்பிப் போய்விட்டது. ஆனால் இப்போது குரூப்பில் பாதி எங்கிருந்தோ வந்த ஆடியோக்கள், மீதி "வடக்கத்தி ஆள் இரண்டு பேர் சுத்துறாங்க, பிள்ளைகளைப் பார்த்துக்கோங்க" என்பது மாதிரி. போன வாரம் போர்வை விற்க வந்த ஒருவரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், பையைக் கொட்டி, போனைப் பிடுங்கி... பெரியவர்கள் ஓடி வந்து விலக்கியதால் அடி விழவில்லை. நான்தான் அட்மின். குரூப்பை மூடிவிடலாமா என்று தோன்றுகிறது, ஆனால் மூடினால் கரையில் கிடக்கும் படகுகளுக்கு என்ன வழி? நடத்துவதென்றால் எப்படி நடத்த வேண்டும்? தப்பாக ஏதாவது நடந்தால் அட்மின் மேல் கேஸ் வருமா?

தீவுக்காரன்:
மூடாதீர்கள் அண்ணே. லோடு வண்டி செய்தி ஏன் வேலை செய்தது என்று பாருங்கள். எந்த இடம், என்ன நேரம், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் சொன்னார். போர்வைக்காரர் விஷயத்தில் அவர் என்ன செய்தார் என்று யாராவது சொன்னார்களா? அவர் யார் என்று மட்டும்தான் சொன்னார்கள். எங்கள் ராமேஸ்வரத்தில் இந்தக் கணக்கே செல்லாது. அக்னி தீர்த்தத்தில் காலையில் நிற்பவர்களில் பாதிப் பேர் இந்தியும் மராத்தியும் குஜராத்தியும் பேசுகிறவர்கள், சாமியார்கள் கோயில் மண்டபங்களில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். தெரியாத முகம் எல்லாம் சந்தேகம் என்றால் தீவில் யாரும் தூங்க முடியாது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. சென்னையிலிருந்து காரில் கோயிலுக்குப் போன குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்த புரளியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. வயதான ஓர் அம்மா இறந்தே போனார். அந்த வருடம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி செய்தது.

அமெரிக்காவில் நெக்ஸ்ட்டோர் என்று அக்கம்பக்கத்துக்காரர்களுக்கான செயலி ஒன்று இருக்கிறது. அங்கேயும் "கறுப்பர் ஒருவர் தெருவில் நடக்கிறார்" என்பதே எச்சரிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. 2016-இல் பதிவுப் படிவத்தையே மாற்றினார்கள். என்ன செய்தார் என்று முதலில் எழுத வேண்டும், இனத்தைக் குறிப்பிட்டால் உடை மாதிரி வேறு அடையாளங்களையும் சேர்த்தால்தான் பதிவு போகும். உங்கள் குரூப்பிலும் இதையே விதியாக வையுங்கள். என்ன நடந்தது, எங்கே, எப்போது, நீங்களே பார்த்தீர்களா. இந்த நாலும் இல்லாத செய்தியை அட்மின் உடனே நீக்கட்டும், அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது.

ஏர்வாடிப் பக்கம்:
ஒன்று சேர்க்கிறேன், தயவுசெய்து இதைக் குரூப்பில் படித்துக் காட்டுங்கள். ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் சரியில்லாதவர்களைக் குடும்பத்தார் கூட்டி வருவது எத்தனையோ காலமாக நடக்கிறது. 2001 ஆகஸ்டில் இங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகுதான் அந்த மாதிரி இடங்களை அரசு மூடியது. இன்றும் வழி தவறிப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே இருப்பார்கள். பேரைக் கேட்டால் சொல்லத் தெரியாது, தெரிந்தாலும் வேறு மொழியில் சொல்வார்கள், பயந்தால் ஓடுவார்கள். ஓடுகிறவனைப் பார்த்தால் துரத்தத் தோன்றும், அங்கேதான் உயிர் போகிறது. அப்படி ஒருவரைப் பார்த்தால் போட்டோ எடுத்துப் பரப்ப வேண்டாம். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து 112-க்குச் சொல்லுங்கள். அந்த மனிதரையும் யாரோ ஒரு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கீழக்கரை லாத்தா:
அண்ணே, பூட்டிய வீட்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சபராளி வீடுகள் அதிகம், ஆம்பிளைகள் துபாய், சிங்கப்பூர் என்று போய்விடுவார்கள், வீட்டுப் பெண்களும் கல்யாணம் காட்சி என்றால் பத்து நாள் சென்னைக்குக் கிளம்பிவிடுவார்கள். "நாங்கள் ஊரில் இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முந்நூறு பேர் இருக்கும் குரூப்பில் போடுவது சாவியைத் தெருவில் வைப்பது மாதிரி. அதைப் பக்கத்து வீட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் மட்டும் சொல்லுங்கள், ரோந்து போகும்போது பார்ப்பார்கள். ஏர்போர்ட்டில் நின்று ஸ்டேட்டஸ் வைப்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்தினோம். அப்புறம், இப்போது பெண்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் போனில்தான் வருகிறது, பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம் என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு அரெஸ்ட்டே சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். குரூப்பில் இந்த எச்சரிக்கைதான் அடிக்கடி வர வேண்டும்.

வத்தைக்காரர்:
தம்பி, முதலில் இன்ஜின் நம்பர். ஒவ்வொரு இன்ஜினிலும் சீரியல் நம்பர் இருக்கும், அதையும் பில்லையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு போனில் வைக்கச் சொல்லு. நம்பர் இல்லாமல் புகார் கொடுத்தால் கிடைத்த இன்ஜினைக்கூட நம்முடையது என்று நிரூபிக்க முடியாது. சின்ன இன்ஜின்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவது நல்லது, பெரியதற்குச் சங்கிலி போடலாம். குரூப்பில் போடுவது இரண்டாவது, முதலில் போன் போட வேண்டும். கரையில் திருட்டு என்றால் 100 அல்லது 112, கடலில் அல்லது கடலோரத்தில் தெரியாத படகு, மூட்டை இறக்குவது மாதிரி ஏதாவது பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. அந்த மாதிரி கடத்தல் விஷயத்தைக் குரூப்பில் போடவே போடாதே. யார் சொன்னது என்று தெரிந்துவிடும், அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து. எனக்கு இதில்தான் பெரிய பயம்.

மதுரை பெஞ்ச் பக்கம்:
அட்மின் கேள்விக்கு. கரூர் வழக்கு ஒன்றில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது இதுதான்: ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது தவிர வேறு பங்கு இல்லை என்றால், உறுப்பினர் போட்ட செய்திக்கு அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் நீங்களே புரளியை அனுப்பினால் அது வேறு. ஆளைப் பிடித்து வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண் முன்னால் ஜாமீனில் வர முடியாத பெரிய குற்றம் செய்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம், ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 40-ஆம் பிரிவு இது. சந்தேகத்தின் பேரில் பையைக் கொட்டவோ போனைப் பார்க்கவோ யாருக்கும் உரிமை இல்லை. போர்வைக்காரர் புகார் கொடுத்திருந்தால் உங்கள் ஊர்ப் பையன்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

மண்டபம் கரைக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குரூப்பை மூடவில்லை. அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றி, கடைத்தெருவில் இரண்டு பேர், கரையில் இரண்டு பேர், பெண்கள் சங்கத்தில் ஒருவர் என்று பொறுப்பு கொடுக்கப் போகிறேன், பார்த்தவர்கள் அவர்களிடம் சொல்லட்டும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் முடிவையும் போட வேண்டும் என்று நினைக்கிறேன், "வண்டி மீன் ஏற்ற வந்தது, விசாரித்தாகிவிட்டது" என்று ஒரு வரி வராவிட்டால் பயம் மட்டும் தங்கிவிடுகிறது. ஸ்மார்ட் போன் இல்லாத வயசாளிகளுக்கு எப்படிச் சொல்வது?

ஏர்வாடிப் பக்கம்:
அவசரம் என்றால் பள்ளிவாசல் மைக், கோயில் மைக், சர்ச் மணி எது பக்கமோ அது. ஆனால் மைக்கில் பேசுகிறவர் கையில் போன் செய்தியைக் கொடுக்காமல், பார்த்தவரையே அவரிடம் நேரில் கூட்டிக்கொண்டு போங்கள்.