பின் பெல்ட்டில் கறை, பின் ஏசியில் குளிர் இல்லை: இந்த 7 சீட்டர் எஸ்யூவியை எடுக்கலாமா?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், என் அம்மா. கடைசிப் பையனுக்கு இன்னும் சைல்டு சீட் வேண்டும். இப்போதுள்ள சின்ன காரில் எங்கே கிளம்பினாலும் ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அம்மாதான் "நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அதனால்தான் மூன்று வரிசை வண்டி தேடுகிறோம்.

நேற்று ஒன்று பார்த்தோம். 8 வருட வண்டி, டீசல், ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ், 1,12,000 கிமீ, இரண்டாவது ஓனர். வெளியே பளிச்சென்று இருக்கிறது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து யாருக்கு எந்த சீட் என்று முடிவே செய்துவிட்டார்கள். ஆனால் எனக்குச் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

நாங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. இப்போதுதான் கழுவிக் கொண்டுவந்ததாகச் சொன்னார். மூன்றாம் வரிசையில் ஒரு பக்கத்து சீட் பெல்ட் இழுத்தால் வருகிறது, திரும்ப உள்ளே போகவில்லை. அதன் அடிப்பகுதியில் பழுப்பாக ஒரு கறை. உள்ளே புது மேட், தூக்கலான வாசனை திரவியம். முன்னால் ஏசி ஜில்லென்று இருக்கிறது, பின் வரிசையில் காற்று வருகிறதே தவிர குளிர் இல்லை. 50, 60 வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் போகும்போது சொரசொரப்பான ரோட்டில் போவதுபோல ஒரு அதிர்வு. கொஞ்சம் அழுத்தினால் மறைந்துவிடுகிறது. முன் டயர் இரண்டும் புதுசு, பின் டயர் இரண்டும் பழசு.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எரர்களைப் படிக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றை நண்பரிடம் வாங்கி மாட்டிப் பார்த்தோம், எரர் எதுவும் இல்லை. இதில் எதைப் பேசி விலை குறைக்கலாம், எதைக் கண்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்?

பதில் 1

மெக்கானிக்காத்தான் இருக்கேன், நிறைய பழைய வண்டி பார்த்துக் கொடுத்திருக்கேன். முதல்ல அந்த பெல்ட். கறை, புது மேட், வாசனை மூணும் சேர்ந்தா வெள்ளத்துல நின்ன வண்டியோன்னு சந்தேகப்படணும். ஆனா அதை வெச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, பிள்ளைங்க ஜூஸ் கொட்டினாலும் அப்படித்தான் ஆகும்.

எல்லா சீட்டுலயும் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் வெளிய இழுத்துப் பாருங்க. தண்ணி ஏறின வண்டின்னா ஒரே உயரத்துல எல்லா பெல்ட்லயும் கோடு இருக்கும். ஒண்ணுல மட்டும் கறைன்னா அது வேற கதை. அப்புறம் மூணாவது வரிசை சீட்டை மடிச்சு, அடியில இருக்கிற இரும்பு பிராக்கெட், போல்ட் தலை, சீட் தண்டவாளம் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஜாக்கி வெச்சிருக்கிற குழிக்குள்ள கைய விட்டு மண்ணு இருக்கான்னு தடவிப் பாருங்க. கார்பெட்டோட ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் ஈரமா, மொறமொறப்பான்னு பாருங்க. வயர் கனெக்டர்ல பச்சையா பூத்திருந்தா அந்த வண்டியை விட்டுடுங்க. எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். எலக்ட்ரிக் கோளாறு வருஷக்கணக்கா ஒண்ணு மாத்தி ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கும்.

மூணு வரிசை வண்டியில நான் எப்பவும் பின்னாடியிருந்துதான் ஆரம்பிப்பேன். விக்கிறவங்க முன் சீட்டை, டேஷ்போர்டை, பானெட்டைப் பளபளன்னு பண்ணுவாங்க. மூணாவது வரிசைக்கு அடியில யாரும் துடைக்க மாட்டாங்க. வண்டி எப்படி வாழ்ந்துச்சுன்னு அங்கதான் தெரியும்.

பதில் 2

மூன்று பிள்ளைகளுடன் ஏழு வருடம் இப்படி ஒரு வண்டி வைத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன், உங்கள் சைல்டு சீட்டை எடுத்துப்போய் இரண்டாம் வரிசையில் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு மூன்றாம் வரிசைக்குப் போக வழி இருக்கிறதா? பல வண்டிகளில் சைல்டு சீட் மாட்டிவிட்டால் அந்தப் பக்க சீட் முன்னால் சாயாது. அம்மா எங்கே உட்காரப் போகிறார் என்பது அங்கேயே முடிவாகிவிடும். மூன்றாம் வரிசையில் தரை உயரமாகவும் சீட் தாழ்வாகவும் இருப்பதால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். பெரியவர்களுக்கு அரை மணி நேரமே கஷ்டம். கடையில் செருப்பு போட்டுப் பார்ப்பதுபோல இரண்டு நிமிடம் உட்கார வைக்காதீர்கள். ஆறு பேரையும் ஏற்றி இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள்.

சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்தெந்த சீட்டில் இருக்கின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்றாம் வரிசையில் பெரும்பாலும் இருக்காது. ஜன்னலோரத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை வருகிறதா, இரண்டாம் வரிசையோடு நின்றுவிடுகிறதா என்று மேனுவலில் பாருங்கள். பின் கதவுக்கும் கடைசி சீட்டின் தலைப்பகுதிக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அங்கே உட்காரப் போவது பிள்ளைகள்.

இன்னொன்று, எடை. கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதிலிருந்து மேனுவலில் உள்ள வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடியது எவ்வளவு என்று தெரியும். 70 கிலோ வீதம் ஏழு பேர் என்றாலே 490 கிலோ. அதற்குமேல் சாமான், கூரைப் பெட்டி என்று ஏற்றினால் சில வண்டிகளில் வரம்பு தாண்டிவிடும். மூன்று வரிசையும் நிமிர்த்திய பிறகு டிக்கியில் நான்கு பைகூட நிற்காத வண்டிகளும் உண்டு.

பதில் 3

"எரர் இல்லை" என்பதை நம்ப வேண்டாம். ஸ்கேனர் வைத்திருக்கும் யாரும் வண்டியைக் காட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அழித்துவிட முடியும்.

அழித்ததையும் அதே ஸ்கேனரில் கண்டுபிடிக்கலாம். ரெடினஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகளின் பட்டியல் அது. எரர் அழித்தவுடன் அவற்றில் பல "முடியவில்லை" என்று ஆகிவிடும். மறுபடி முடிய பல நாள் ஓட்டம் வேண்டும். அதைவிட நேரடியானது, நேரலைத் தகவலில் "எரர் அழித்தபின் ஓடிய தூரம்" என்ற வரி. எல்லா வண்டியும் காட்டாது, காட்டினால் தவறாமல் பாருங்கள். அங்கே 20, 30 கிமீ என்று இருந்தால் யாரோ சமீபத்தில்தான் துடைத்திருக்கிறார்கள்.

சேசிஸ் நம்பர் 17 எழுத்து இருக்கும். அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, செய்யாமல் விட்ட ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிட்ட தகாட்டா நிறுவனத்து ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தும் மாற்றாமல் ஓடிக்கொண்டிருந்தவை ஏராளம். ரீகால் வேலை பொதுவாக இலவசம், அதனால் அது விலை பேசும் விஷயமே அல்ல. செய்துவிட்டு விற்கச் சொல்லலாம்.

பதில் 4

இவ்வளவு நோண்டினால் எந்தப் பழைய வண்டியையும் வாங்க முடியாது. 8 வருட வண்டியில் நாலு குறை இருக்கத்தான் செய்யும். சர்வீஸ் ரெக்கார்டு சரியாக இருந்தால் ஏசியையும் பெல்ட்டையும் காட்டி விலையைக் குறைத்து எடுங்கள்.

பதில் 1, மீண்டும்

குறை இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா எந்தக் குறைன்னு தெரிஞ்சு வாங்கணும்ல? ஏசியும் பெல்ட்டும் பட்ஜெட்ல அடங்கும். அந்த அதிர்வும் டயரும் அப்படி இல்ல.

நீங்க சொன்ன அதிர்வு, லேசா கொடுக்கும்போது வந்து அழுத்தினா போறது, டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸா (எஞ்சின் சக்தியை ஆயில் வழியா கியருக்குக் கடத்துற வகை) இருந்தா கன்வர்ட்டர் லாக் ஆகும்போது வழுக்குறதா இருக்கலாம். ஆரம்பம்னா கியர் ஆயில் மாத்தினாலே சரியாகிடும். முத்திப்போச்சுன்னா பெரிய செலவு. "இந்த கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாத்தவே வேண்டாம்"னு சொன்னா நம்பாதீங்க. 1,12,000ல ஒரு தடவையாவது மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க.

டயர். ஆல் வீல் டிரைவ்ல நாலு டயரும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்துல இருக்கணும். முன்னாடி புதுசு, பின்னாடி தேஞ்சதுன்னா சுற்றளவு வேற வேற; முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சக்தியைக் கடத்துற கப்ளிங் நிக்காம அதைச் சமாளிச்சுக்கிட்டே சூடாகும். காலியான இடத்துல ஸ்டீயரிங்கை முழுசா திருப்பி மெதுவா வட்டம் போடுங்க. இழுத்துப் பிடிக்கிற மாதிரி, தத்தித் தத்திப் போற மாதிரி இருந்தா அங்க வேலை இருக்கு. கடகடன்னு சத்தம் வந்தா ஆக்சில் ஜாயின்ட். டயர் பக்கவாட்டுல கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க: 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது.

பின் ஏசி பத்தி: முதல்ல அந்த மாடலுக்குப் பின்னாடி தனி கூலிங் காயில் இருக்கா, வெறும் புளோயர்தானான்னு தெரிஞ்சுக்கோங்க. தனி காயில்னா அதுக்கான பைப் வண்டிக்கு அடியில முன்னாலிருந்து பின்னால வரைக்கும் ஓடும். கல்லும் சேறும் பட்டு அரிச்சிருக்கும். லிப்ட்ல ஏத்தி, எண்ணெய்ப் பசையா அழுக்கு அப்பியிருக்கிற இடம் இருக்கான்னு பாருங்க.

அடுத்த தடவை போறப்போ, வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பானெட்டைத் தொட்டுப் பார்த்துட்டு, ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி ஆயில் டிப் ஸ்டிக்கை எடுங்க. டீசல்ங்கிறதால இது முக்கியம்: ஆயில் குறைஞ்சிருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க, மேல் கோட்டைத் தாண்டியிருக்கான்னும் பாருங்க.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மறுபடி போனோம், இந்த முறை எஞ்சின் குளிர்ச்சியாகவே இருந்தது.

வெள்ளம் இல்லை என்றே நினைக்கிறேன். ஏழு பெல்ட்டையும் இழுத்தேன், ஒன்றில் மட்டும்தான் கறை. அந்த சீட்டுக்கு அடியில் காய்ந்த ஜூஸ், ஒரு பென்சில், பிஸ்கட் தூள். பிராக்கெட்டெல்லாம் சுத்தம், கார்பெட் அடியில் காய்ந்த துணிபோல இருந்தது. மனசு லேசானது.

பின் ஏசி பைப், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அரித்து எண்ணெய்ப் பசையாக இருக்கிறது. வட்டம் போட்டதில் இழுப்பு எதுவும் இல்லை. கியர் ஆயில் மாற்றிய பில் இல்லை.

ஸ்கேனரில் அழித்தபின் ஓடிய தூரம் 31 கிமீ. டீசல் புகையை வடிகட்டும் ஃபில்டரின் பரிசோதனை உட்பட மூன்று "முடியவில்லை". டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே, மோந்து பார்த்தால் டீசல் வாடை. ஓனரிடம் தினமும் எவ்வளவு ஓடும் என்று கேட்டேன். பள்ளிக்கூடமும் ஆபீஸும்தான், எல்லாம் பக்கம் என்றார்.

பதில் 1, மீண்டும்

இப்போ கதை முழுசா தெரிஞ்சுபோச்சு.

டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. அது நிறைஞ்சதும், வண்டி கூடுதலா டீசல் தெளிச்சு, ஃபில்டரை 600 டிகிரி பக்கமா சூடாக்கி கரியை எரிச்சுக்கும். அதுக்குத் தொடர்ச்சியான ஓட்டம் வேணும். பத்து நிமிஷத்துல வண்டியை நிறுத்திட்டா எரிப்பு பாதியில நிக்கும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும். ஆயில் ஏறுனதுக்கும் வாடைக்கும் அதுதான் காரணமா இருக்கும். அப்படி நீர்த்த ஆயில்ல டர்போவும் பேரிங்கும் ஓடியிருக்கு. எத்தனை மாசமா ஓடுச்சுன்னு எந்த ஸ்கேனரும் சொல்லாது. லைட் எரிஞ்சிருக்கும், அதைத்தான் அழிச்சிருக்காங்க.

ஓனர்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க: ஆயில் மாத்திட்டு, எதையும் அழிக்காம 200 கிமீ நல்லா ஓட்டி, மூணு பரிசோதனையும் முடிஞ்சதைக் காட்டணும். ஃபில்டர்ல கரியும் சாம்பலும் எவ்வளவுன்னு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்ல பார்த்துச் சொல்லணும். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் நிறைஞ்சிருந்தா ஃபில்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும், இல்ல மாத்தணும்.

அதுக்கு முன்னாடி உங்களைக் கேக்குறேன். நீங்க தினமும் எவ்வளவு ஓட்டுவீங்க?

கேட்டவர்

போக 6 கிமீ, வர 6 கிமீ. மாதம் ஒரு முறை நீண்ட பயணம்.

பதில் 1, மீண்டும்

அப்போ நல்ல டீசல் வண்டி கிடைச்சாலும் உங்க கையில இதே கதிதான். பெட்ரோல் இல்ல ஹைபிரிட் பாருங்க. பிள்ளைங்க வருத்தப்படுவாங்க, தெரியும்.

பதில் 4, மீண்டும்

நான் முன்பு சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆயில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. விட்டுவிடுங்கள்.

கேட்டவர்

200 கிமீ ஓட்டிக் காட்டச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். விட்டுவிட்டோம். அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்ரோல் 7 சீட்டர் பார்க்கப் போகிறோம். சைல்டு சீட்டும் அம்மாவும் கூட வருகிறார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதில் பெரிய கண்ணாடிக் கூரை இருக்கிறது, அதற்கு என்ன பார்க்க வேண்டும்?

பதில் 1, மீண்டும்

கூரையைத் திறந்து, மூலையில இருக்கிற வடிகால் ஓட்டையில ஒரு டம்ளர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல கீழ சொட்டணும். சொட்டலைன்னா நிறுத்திட்டு, கால் வைக்கிற கார்பெட்டையும் மூணாவது வரிசை கூரைத் துணியையும் தொட்டுப் பாருங்க. பின் மூலைங்களையும் விடாதீங்க.