நர்சிங் படித்தவர் எல்லாம் ‘பதிவு பெற்ற செவிலியர்’ ஆகிவிடுவாரா?

கேட்பவர்: படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு ஏஜென்சி மூலம் நர்ஸ் வைக்க வேண்டும். ஒருவர் ஆறு மாத நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழ் காட்டுகிறார். இன்னொருவர் பி.எஸ்சி. நர்சிங், நர்சிங் கவுன்சிலின் பதிவு நம்பர் இன்னும் வரவில்லையாம். தினம் இரண்டு வேளை ஐ.வி. ஊசி, அதாவது நரம்பில் ஏற்றும் ஊசி உண்டு. சட்டப்படி இவர்களில் யார் நர்ஸ்?

வார்டு7: இன்றைய நிலையில் இருவருமே பதிவு பெற்ற செவிலியர் இல்லை. பட்டம் பல்கலைக்கழகம் தருவது, பதிவு மாநில நர்சிங் கவுன்சில் தருவது. தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. டெல்லியில் உள்ள இந்திய நர்சிங் கவுன்சில் 1947 சட்டப்படி எந்தப் படிப்பு செல்லும் என்று வரையறுக்கும். அதற்குப் பதிலாக ஆணையம் அமைக்க 2023-ல் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. மூன்று வருட ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), நான்கு வருட பி.எஸ்சி. முடித்தவர்கள் ஆர்.என்.ஆர்.எம்., அதாவது பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறு செவிலியர் ஆகலாம். இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) தனிப் பிரிவு. ஆறு மாதச் சான்றிதழை வைத்து நர்ஸாகப் பதிய வழியே கிடையாது, அதில் எத்தனை சீல் இருந்தாலும்.

கேட்பவர்: ஊசி போடத் தெரிந்தால் போதாதா?

மருந்துச்சீட்டு: ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கைப் பாருங்கள், உச்ச நீதிமன்றம், 1998. டைபாய்டு வந்த குழந்தைக்கு டாக்டர் எழுதியது குளோராம்ஃபெனிகால். நர்ஸ் வாங்கிவரச் சொன்னதோ லாரியாகோ, அதாவது மலேரியாவுக்கான குளோரோகுயின். அதை நரம்பில் போட்டதும் குழந்தை துவண்டுவிட்டது, மூளை மீளவில்லை. அந்த நர்ஸ் எந்த மாநில கவுன்சிலிலும் பதியாதவர் என்பது விசாரணையில் தெரிந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் போட்ட இழப்பீட்டை நீதிமன்றம் உறுதிசெய்தது. தகுதியில்லாதவரை வேலைக்கு வைத்தது மருத்துவமனையின் அலட்சியமாகவே பார்க்கப்பட்டது. ஏஜென்சிக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பதிவேடு: சரிபார்ப்பது எளிது. ஏஜென்சி அடையாள அட்டையை ஒதுக்கிவிட்டு கவுன்சில் சான்றிதழின் அசலைக் கேளுங்கள். பதிவு எண், புதுப்பித்த தேதி, தேசிய பதிவேட்டு எண்ணான என்.யூ.ஐ.டி. மூன்றையும் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தொல்லை: மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. அந்த வேறுபாடு மட்டும் இருந்தால் ஆளைச் சந்தேகிக்க வேண்டாம். பிறந்த தேதியை வைத்துப் பொருத்துங்கள். கேரளாவிலோ கர்நாடகத்திலோ பதிந்தவர் என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

வார்டு7: செலவைக் குறைக்க ஒரு வழி. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, இதற்கெல்லாம் அந்த அசிஸ்டென்ட் போதும். ஊசிக்கு மட்டும் பதிவு பெற்ற ஒருவர் இரண்டு வேளை வந்து போகட்டும். டாக்டரிடம் மருந்தின் பெயர், அளவு, எதில் எவ்வளவு கலப்பது, எத்தனை நிமிடத்தில் ஏற்றுவது, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். போனில் சொன்னதை வைத்து ஏற்ற வேண்டாம். ஆன்டிபயாடிக் என்றால் முதல் டோஸ் மருத்துவமனையிலேயே முடியட்டும். ஒவ்வாமை வந்தால் வீட்டில் சமாளிப்பது கஷ்டம்.